பாதிப் பாடம்

வானிலை மாடல்களின் படங்களைப் பார்த்து மழை சொல்ல, எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். பாதியைத்தான் சொல்லிக் கொடுத்தேன். மீதிப் பாதி எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே விட்டேன். அந்தப் பாதி இல்லாததால் 2024 டிசம்பர் முதல் தேதி இரவு அரூர்ப் பக்கம் நடந்ததற்கும், அதன் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தர்மபுரி மாவட்டம் அதியமான்கோட்டை. படித்தது வேளாண்மை. விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை தயாரிக்கும் ஓர் அலகில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கிராமிய வேளாண் வானிலைச் சேவையில் அப்படி நாடு முழுக்க 199 மாவட்ட அலகுகள், வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கின. செவ்வாயும் வெள்ளியும் அறிக்கை போகும். அடுத்த ஐந்து நாளுக்கு மழை, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மேகம். அதை வைத்து மருந்தடிக்கலாமா, உரம் வைக்கலாமா, அறுக்கலாமா என்று ஆலோசனை. 2024இல் அந்த மாவட்ட அலகுகள் மூடப்பட்டன. என் வேலையும் போனது.

வேலை போனாலும் போன் நிற்கவில்லை. பாலக்கோட்டில் தக்காளிக்காரர் கேட்பார், பென்னாகரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர் கேட்பார், கல்யாண மண்டபம் பிடித்தவர் கேட்பார். வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். அது வட்டாரத்துக்கு ஒன்றாகப் பெருகியது. ஒருவனால் சமாளிக்க முடியவில்லை. வட்டாரத்துக்கு ஓர் இளைஞர் இருந்தால் அவரவர் ஊர் பாஷையில் பேசிவிடலாம் என்று தோன்றியது. நல்லம்பள்ளி, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வகுப்பு. தேய்பிறை அஷ்டமியும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் காலபைரவர் கோயில் கூட்டத்தில் பஸ் நகராமல், பாதி பேர் நெடுஞ்சாலையிலேயே இறங்கி நடந்து வருவார்கள். அவ்வளவு ஆசையாக வந்தார்கள். அவர்களுக்குத்தான் நான் பாதியைக் கொடுத்தேன்.

என்ன சொல்லிக் கொடுத்தேன்? நிறம். நீலம் என்றால் இத்தனை மில்லிமீட்டர், பச்சை என்றால் இத்தனை, மஞ்சள், சிவப்பு, ஊதா. உங்கள் ஊர் படத்தில் எங்கே இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் மணி எப்படி நகரும், ஊர் மேல் எந்த நிறம் எப்போது வருகிறது. "மழை வருமா, எவ்வளவு, எப்போ? மூணே கேள்வி. மூணுக்கும் படத்திலயே பதில் இருக்கு" என்றேன். ஒரே மதியத்தில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். மறுநாளே குரலைச் சரிசெய்துகொண்டு வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அல்ல அது என்று எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் முழுதாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மாடல் என்பது ஆரூடம் அல்ல, கணக்கு. காற்றும் நீராவியும் வெப்பமும் நடந்துகொள்வதற்கு இயற்பியல் சமன்பாடுகள் உண்டு. இப்போதைய நிலவரத்தைக் கணினியில் ஏற்றி, அந்தச் சமன்பாடுகளைச் சில நிமிடம் சில நிமிடமாக முன்னே தள்ளிக்கொண்டு போனால் நாளைய நிலவரம் வரும். இதைக் கணினி பிறப்பதற்கு முன்பே கையால் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில், 1910 மே 20ஆம் தேதியின் ஆறு மணி நேர மாற்றத்தை வாரக்கணக்கில் உட்கார்ந்து கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. நிஜத்தில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அவர் அதை ஒளிக்கவில்லை. 1922இல் வந்த தன் புத்தகத்தில் அந்தத் தவறான விடையை முழுக் கணக்கோடு அச்சிட்டார். முறை சரி, தொடக்கத் தரவில்தான் கோளாறு என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது அதனால்தான். 1950இல் அமெரிக்காவில் எனியாக் கணினியில் போட்ட முதல் வெற்றிகரமான கணிப்புக்கு முன்னோடி அந்தத் தோல்வி. இந்த மனிதரைப் பற்றி நான் வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் கணக்குகளையும் யாராவது கேட்டிருப்பார்கள்.

விட்டுவிட்ட பாதிக்கு வருகிறேன்.

ஐரோப்பிய மாடல் பூமியை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. நம் நாட்டு மாடல்கள் பல ஆண்டுகளாக 12 கிலோமீட்டரில் ஓடின. 2025 மே மாதம் வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டருக்கு இறங்கியிருக்கிறது, பெரிய முன்னேற்றம். ஆனாலும் 9 கிலோமீட்டர் கட்டம் என்றால் 81 சதுர கிலோமீட்டருக்கு ஒரே மழை அளவு. அதியமான்கோட்டையும் தர்மபுரி டவுனும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். சுமார் 1,000 மீட்டர் உயர வத்தல்மலையை மாடல் தேய்த்து ஒரு மேடாக்கித்தான் வைத்திருக்கும். அதோடு, ஒரு சங்கதி மாடலுக்குத் துலக்கமாகத் தெரிய வேண்டுமானால் அது ஐந்தாறு கட்ட அகலமாவது இருக்க வேண்டும். எங்கள் ஊர் இடிமேகம் அவ்வளவு அகலம் இல்லை. செப்டம்பர் மாலையில் தொப்பூர் கணவாயில் ரோட்டில் தண்ணீர் ஓடும். நல்லம்பள்ளியில் புழுதி பறக்கும். அந்த வெப்பச்சலன மழையை இப்படிப்பட்ட மாடல் நேரடியாகப் பார்ப்பதில்லை. கட்டத்துக்குள் எவ்வளவு மேகம் எழும்பியிருக்கலாம் என்று ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுகிறது. அப்படி மதிப்பிடும் மாடல்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பழக்கம் உண்டு: மழையை மதியமே தொடங்கிவிடும், பரவலாகத் தூறல் போடும். நமக்கோ மழை மாலையில் எழும்பி இரவில் கொட்டுகிறது. மாடல் மதியம் 2 மணிக்குக் காட்டுகிற மழையை எங்கள் மாவட்டத்தில் எப்படிப் படிக்க வேண்டும் என்பது தனிப் பாடம். நடத்தவில்லை.

மணியைக்கூட ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. மாடல் படங்களில் பெரும்பாலும் இருப்பது உலக நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். பென்னாகரத்திலிருந்து வந்த தங்கை ஒருவர் படத்தில் 14 மணி என்றிருந்ததைப் பார்த்து மதியம் 2 மணிக்கு மழை என்று சொல்லிவிட்டார். மழை வந்தது இரவு ஏழரைக்கு. குரூப்பில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொன்றும் உண்டு. வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மாடல் படங்களில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் காலை 5.30 முதல் மறுநாள் 5.30 வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "மாடல் தப்பு" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இவற்றையெல்லாம் சோம்பலில் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தொடக்க எண்ணில் மிகச் சிறிய மாறுதல் இருந்தாலும் சில நாளில் கணிப்பு வேறெங்கோ போய்விடும் என்று கண்டார். ஓடையில் ஒரே இடத்திலிருந்து இலைகளை விட்டால் கொஞ்ச தூரம் சேர்ந்து போகும். ஒரு பாறை வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரியும். அதனால் ஐரோப்பிய மையம் 1992 முதல் ஒரு கணிப்போடு நிறுத்துவதில்லை. தொடக்கத்தைத் துளித் துளி மாற்றிப் பல முறை ஓட்டுகிறது. இன்று அது 51 கணிப்புகள். அமெரிக்காவில் 31. நொய்டாவில் உள்ள நம் தேசிய மையத்தில் 23. இதற்கு என்செம்பிள் என்று பெயர். எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் தைரியமாகச் சொல்லலாம். சிதறினால், சிதறலையே சொல்ல வேண்டும். முன்னறிவிப்பாளருக்கு மாடல் தருவதிலேயே மதிப்பு மிக்க பொருள் இதுதான் என்று நான் நம்புகிறேன். அன்றும் நம்பினேன். தினமும் தனியாகப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்றே காட்டவில்லை.

காரணம் அவமானம். அலகில் வேலை பார்த்த காலத்தில் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் "நாளைக்கு மழைக்கு 40 சதவீதம் வாய்ப்பு" என்றேன். முன்வரிசையில் இருந்த பெரியவர், "வரும், இல்லன்னா வராதுன்னு சொல்ல இவ்ளோ படிக்கணுமா தம்பி?" என்று கேட்டார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் கூசிப் போய் மைக்கைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து சதவீதம் சொல்வதை நிறுத்தினேன். "வரும்" அல்லது "வராது". "30 மில்லிமீட்டர்." ஒற்றை எண். ஒற்றை எண் சொன்னதும் மரியாதை கூடியது. குரூப்பில் ஆள் சேர்ந்தது. பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன்: "குரல்ல தடுமாற்றம் இருக்கக் கூடாது. ரெண்டு விதமா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது.

வங்கக் கடலில் உருவான அந்தச் சுழற்சி புயலாகுமா, ஆகாதா என்று சில நாள் இழுபறி. நவம்பர் 29இல் புயலானது. 30ஆம் தேதி சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மாடலின் ஒரு படம். எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. பிழை அதனுடையது அல்ல. அந்தப் படத்தில் கடும் நிறமெல்லாம் கடலோரத்திலிருந்து விழுப்புரம் வரை. எங்கள் மாவட்டத்தின் மேல் வெளிர் நிறம். "கரை ஏறிட்டா வலு குறைஞ்சிடும். நமக்கு லேசானது முதல் மிதமான மழை. பயப்பட வேண்டாம்." சனி இரவு இந்த வாக்கியத்தை எழுதி எல்லாருக்கும் அனுப்பியது நான். அதைத்தான் அவர்கள் வாய்ஸ் மெசேஜாகப் பேசினார்கள்.

அன்று இரவு நான் என்செம்பிளையும் பார்த்தேன். பெரும்பாலான கணிப்புகள் எங்கள் பக்கம் மிதமான மழையைத்தான் காட்டின. சில மட்டும் உள்மாவட்டத்தில் மிகக் கனமாகக் காட்டின. சிதறல் இருந்தது. பார்த்தேன், மூடினேன்.

கரையேறிய புயல் நகராமல் அதே இடத்தில் நின்றது. ஞாயிறு காலைக் கணக்கில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல். மதியம், அரூரிலிருந்து வகுப்புக்கு வந்த தம்பி கூப்பிட்டார். "அண்ணா, படத்துல இருந்த மாதிரி அது நகரல. காத்து இங்க வேற மாதிரி வீசுது. சித்தேரி மலைப் பக்கம் கருகருன்னு இருக்கு. நம்ம மெசேஜை மாத்தலாமா?"

யாரும் சொல்லித் தராமலேயே அந்தப் பையன் சரியான வேலையைச் செய்திருந்தார். மாடல் சொன்ன இடத்தில் புயல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றதும் மாடலைச் சந்தேகித்தார். தன் ஊர்க் காற்றைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். முன்னறிவிப்பாளர் பயிற்சி என்று உலகில் எங்கே நடந்தாலும் முதல் பாடம் இது: தொடக்கத்திலேயே நிஜத்தோடு ஒட்டாத கணிப்பை அதற்குமேல் நம்பாதே.

நான் சொன்ன பதில் இது: "மாத்துனா நம்ம மேல நம்பிக்கை போயிடும் தம்பி. ராத்திரி ரன் வரட்டும், பாத்துக்கலாம்."

மாடல்களின் முக்கியக் கணிப்புகள் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 நிலவரத்திலிருந்து தொடங்கும். கணக்கு முடிந்து கைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். மாலைக் கணிப்பு வர நள்ளிரவு தாண்டிவிடும். அது எனக்குத் தெரியும். ரேடாரைப் பார்த்திருக்கலாம் என்றால், அரூர் சென்னை ரேடாரிலிருந்தும் காரைக்கால் ரேடாரிலிருந்தும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் பூமியின் வளைவால் ரேடார் கதிர் நான்கைந்து கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. கீழே கொட்டுவது அதற்குக் குறைவாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்துக்கு அன்றைக்கு இருந்த நல்ல கருவி அந்தத் தம்பியின் கண். அதைத்தான் நான் மூடச் சொன்னேன்.

அன்று மாலை ஒரு பெரியவர் அவரிடம் கேட்டிருக்கிறார், ஓடையோரம் இருக்கும் ஆட்டுப்பட்டியை மேட்டுக்கு மாற்றிவிடலாமா என்று. மனதில் சந்தேகம் இருந்தும் தம்பி என் வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். "மிதமான மழைதான் பெரியப்பா. இருட்டுல எதுக்கு அலையறீங்க."

டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 வரையிலான கணக்கு: அரூரில் 33 சென்டிமீட்டர். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறையின் கணக்கில் அதி கனமழை. தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆண்டுக்கே சராசரியாகப் பெய்வது சுமார் 85 சென்டிமீட்டர்தான். ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியை நாடே பார்த்தது. தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். அந்தப் பெரியவரின் ஆட்டுப்பட்டி எல்லாருக்கும் தெரிந்த இந்தக் கணக்கில் வராது. பட்டியோடு போய்விட்டது. ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை.

திங்கள் காலை குரூப்பில் அரூர்த் தம்பியை வார்த்தையால் அடித்தார்கள். "உன் பேச்ச கேட்டுதானே உட்கார்ந்திருந்தோம்." அவர் "மன்னிச்சிடுங்க" என்று மட்டும் எழுதினார். "அண்ணன்தான் சொன்னாரு" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் எழுதினேன்: "எல்லா மாடலும் இந்த முறை ஏமாற்றிவிட்டன. யாராலும் கணித்திருக்க முடியாது." சிதறலை நான் சனி இரவே பார்த்திருந்தேன். தம்பி ஞாயிறு மதியமே எச்சரித்திருந்தார். தெரிந்தே எழுதிய பொய் அது. இந்த மொத்தக் கதையிலும் என்னை மிகவும் உறுத்துவது, ஆடுகள் போனதைவிட, அந்த இரண்டு வரிகள். கணிப்பு தவறலாம். ஒரு சின்னப் பையன் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு, குற்றத்தை இயந்திரத்தின் மேல் தள்ளிவிட்டு நின்றது என் குணத்தின் குறை.

கொஞ்ச நாளில் அவர் குரூப்பை விட்டுப் போனார். இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறார். வானம் பார்ப்பதில்லை என்று கேள்வி.

அதன் பிறகு ஒரு வேலை செய்தேன். முதலிலிருந்தே செய்திருக்க வேண்டிய வேலை. பழைய வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, பக்கத்தில் வானிலைத் துறையின் தினசரி மழைப் பட்டியலை வைத்து, நாங்கள் சொன்னது என்ன, பெய்தது என்ன என்று எழுதினேன். "பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்கிறோம்" என்று மேடையில் பேசியிருக்கிறேன். அந்த ஒன்பதில் பெரும்பகுதி, மழை இல்லாத நாளில் மழை இல்லை என்று சொன்னது. 1884இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்லி என்ற ராணுவ அதிகாரி தன் சூறாவளிக் கணிப்புகள் 96.6 சதவீதம் சரி என்றார். தினமும் "சூறாவளி வராது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாலே 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும் என்று உடனே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். என் பெருமையும் அந்த வகைதான். கனமழை பெய்த நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் தவறவிட்டிருந்தோம்.

1977இல் லெனர்ட் ஸ்னெல்மன் என்ற அமெரிக்க முன்னறிவிப்பாளர், கணினி தருவதை அப்படியே எடுத்து ஒப்பிக்கும் பழக்கத்தை வானிலைத் தொழிலின் புற்றுநோய் என்று எழுதினார். முதலில் பெரிய அளவில் காற்று எப்படி ஓடுகிறது, பிறகு மாநில அளவில், பிறகு உன் மாவட்டம், கடைசியில் உன் ஊர் என்று படிப்படியாக இறங்கி வர வேண்டும். மாடல் படம் அந்த வழியில் ஒரு துணை என்பது அவர் கற்பித்த முறை. பயிற்சியில் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவன்தான் நான். என் திண்ணையில் நடந்ததோ, கடைசிப் படியில் நின்றுகொண்டு நிறம் பார்க்கிற வேலை.

வானிலைத் துறையின் மாவட்ட வாரியான எச்சரிக்கையை எப்படிப் படிப்பது என்றும் நான் சொல்லித் தரவில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நான்கும் மழை அளவை மட்டும் குறிப்பவை அல்ல. எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும், எப்போது நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்று சொல்பவை. அதைச் சொல்லிக் கொடுத்தால் எங்கள் குரூப்புக்கு என்ன வேலை என்று நினைத்தேன். போட்டியாகப் பார்த்தேன். எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய உண்மையான வேலை, அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு போய் "உங்க ஓடைக்கு, உங்க களத்துக்கு இதுக்கு என்ன அர்த்தம்" என்று சொல்வதுதான்.

அன்று கூட்டத்தில் கேட்ட பெரியவருக்கு இப்போது பதில் சொல்லத் தெரியும். ஆட்டை மேட்டுக்கு ஓட்ட ஒரு மணி நேர அலைச்சல். ஓட்டாமல் விட்டால் போவது ஒரு குடும்பத்தின் சொத்து. அதி கனமழைக்கு நூற்றில் பத்து வாய்ப்பு இருந்தாலும் ஓட்டத்தான் வேண்டும். அதே பத்து வாய்ப்புக்காக, ஆள் பேசி முடித்த மக்காச்சோள அறுவடையைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரே மழை, ஒரே சதவீதம், இரண்டு முடிவு. எந்த முடிவு என்பதை ஆட்டுக்காரரும் மக்காச்சோளக்காரரும் அவரவர் நஷ்டத்தை எடைபோட்டு எடுக்க வேண்டும். நான் ஒற்றை எண்ணைச் சொன்னபோது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவை நானே எடுத்துவிட்டேன். "பெரும்பாலும் மிதமான மழைதான், ஆனா பத்துல ஒரு பங்கு ரொம்பக் கொட்டவும் வாய்ப்பு இருக்கு" என்று சனி இரவு சொல்லியிருந்தால், அந்த ஆட்டுக்காரப் பெரியவர் யாரையும் கேட்காமலேயே பட்டியை மாற்றியிருப்பார். அவருக்கு ஓடையின் குணம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது மீண்டும் வகுப்பு எடுக்கிறேன். வந்தவர்கள் குறைவு. ஒரு மதியத்தில் முடிவதில்லை. முதல் சில வாரங்கள் மாடல் படமே கிடையாது. மழைமானி, காற்றின் திசை, செயற்கைக்கோள் படம், நேற்று பெய்த மழைப் பட்டியல். அதற்குப் பிறகுதான் மாடல். ஒரு படத்தைப் பார்த்து யாரும் பேசக் கூடாது. பல மாடல்கள், என்செம்பிள், முந்தைய கணிப்பிலிருந்து இன்று என்ன மாறியது என்று எழுதிய பிறகுதான் பேச வேண்டும். சொன்னதை மாற்ற வேண்டி வந்தால் உடனே மாற்றிச் சொல்ல வேண்டும், ஏன் மாற்றினோம் என்பதையும் சேர்த்து. மாதக் கடைசியில் சொன்னதும் பெய்ததும் குரூப்பிலேயே போகும், தவறியவை முதலில்.

இந்த மாதிரி குரூப் நடத்துகிறவர்கள் இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். உங்களிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு நிறத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். சிதறலைக் காட்டுங்கள். மணியைச் சொல்லிக் கொடுங்கள். "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று சொல்லும் தைரியத்தையும் கொடுங்கள். அவர்கள் போன் செய்து "மாத்தலாமா" என்று கேட்டால், மாற்றுங்கள்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு உங்கள் குரூப்பில் வந்த அந்த வாய்ஸ் மெசேஜில் குரல் மட்டும்தான் தம்பியுடையது. வார்த்தைகள் என்னுடையவை. மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றது நான். ஊருக்கு வரும்போது அவரிடம் யாரும் முகம் திருப்ப வேண்டாம். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.